நடக்க நடக்கத் தேயும் சாலை: நம் செல்லுக்குள் மோட்டார் புரதங்கள் என்ன செய்கின்றன?

பினாங்குக்குப் போனவர்கள் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலையை ஒரு தடவையாவது கடந்திருப்பீர்கள். பழைய பெயர் பிட் ஸ்திரீட். 1801-இல் தொடங்கிய பள்ளிவாசல், சீனர்களின் கருணைத் தெய்வக் கோயில், பக்கத்துத் தெருவில் மகா மாரியம்மன் கோயில் என்று எப்போதும் ஆள் நடமாட்டம் உள்ள இடம். கார், லோரி, மோட்டார் சைக்கிள், பேருந்து என்று நாள் முழுக்கச் சக்கரங்கள் உருளும். தார் தேயும். குழி விழும். மாநகர் மன்றம் வந்து ஒட்டுப்போடும்.

இதே சாலையைக் கொஞ்சம் மாற்றிக் கற்பனை செய்யுங்கள். தார் கிடையாது, முழுக்கக் கல் பாவிய சாலை. மேலே நடப்பவரின் காலோடு அவ்வப்போது ஒரு கல் பெயர்ந்து வருகிறது. அந்தக் குழியில் வேறொரு கல் தானாக வந்து உட்கார்ந்துகொள்கிறது. சாலையின் கடைசி முனையில் சிலர் நின்று கல்லைப் பெயர்ப்பதையே முழுநேர வேலையாகச் செய்கிறார்கள். ஆனாலும் போக்குவரத்து நிற்கவே இல்லை.

இப்படிப்பட்ட சாலைகள் உங்கள் உடம்பில், ஏறக்குறைய எல்லாச் செல்களுக்குள்ளும் இருக்கின்றன. அவற்றின் பெயர் மைக்ரோடியூபியூல். தமிழில் நுண்குழல் என்கிறோம். அவற்றின் மேல் நடப்பவை மோட்டார் புரதங்கள்.

சரி, இதை நாம ஏன் தெரிஞ்சுக்கணும்? புற்றுநோய்க்குக் கொடுக்கும் சில முக்கியமான மருந்துகள் கைவைப்பது இந்தச் சாலையில்தான். கீமோ எடுத்தவர் 'விரல் மரத்துப்போகுது' என்று சொல்வதற்கும் இதற்கும் தொடர்பு உண்டு. தமிழ்நாட்டின் மாநில மலரான செங்காந்தளும், வீட்டு வாசலில் பூக்கும் நித்தியகல்யாணியும்கூட இந்தக் கதையில் வருகின்றன.

சாலை எதனால் ஆனது?

நுண்குழலின் 'கல்' டியூபுலின் என்ற புரதம். ஆல்ஃபா, பீட்டா என்று இரண்டு துண்டுகள் ஒட்டிய ஜோடி அது. ஒரு ஜோடியின் நீளம் 8 நானோமீட்டர். ஒரு மில்லிமீட்டரில் 10 லட்சம் நானோமீட்டர் உண்டு என்பதை வைத்துக் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

இந்த ஜோடிகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்துச் சரம் ஆகின்றன. பொதுவாக 13 சரங்கள் பக்கம் பக்கமாக ஒட்டி, உள்ளே காலியான ஒரு குழாய் உருவாகிறது. குழாயின் குறுக்களவு சுமார் 25 நானோமீட்டர்.

குழாயின் இரண்டு முனைகளும் ஒரே மாதிரி இல்லை. 'கூட்டல் முனை' வேகமாக வளரும், வேகமாகச் சரியும். 'கழித்தல் முனை' பெரும்பாலும் செல்லின் நடுப்பக்கம் கட்டிப்போடப்பட்டிருக்கும். நடப்பவர்களுக்கு இது வழிகாட்டிப் பலகை மாதிரி. எந்தப் பக்கம் போகிறோம் என்பது சாலையின் அமைப்பிலேயே எழுதியிருக்கிறது.

இன்னொரு வினோதம் உண்டு. புதிதாகச் சேரும் ஒவ்வொரு கல்லிலும் கொஞ்சம் ஆற்றல் சேமிக்கப்பட்டிருக்கும். சேர்ந்த சிறிது நேரத்தில் அது செலவாகிவிடும். செலவான கல் வெளிப்பக்கம் வளையப் பார்க்கும். முனையில் புதுக் கற்கள் இருக்கும்வரை அவை மூடிபோல் மற்றதைப் பிடித்து வைத்திருக்கும். மூடி போய்விட்டால் முழுக் குழாயும் வாழைப்பழத் தோல் உரிவது மாதிரி பிரிந்து சரியும். பிறகு மறுபடி வளர ஆரம்பிக்கும். வளர்வதும் சரிவதுமான இந்த ஆட்டத்தை 1984-இல் டிம் மிட்சிசன், மார்க் கிர்ஷ்னர் என்ற இரண்டு விஞ்ஞானிகள் விளக்கினார்கள்.

நடப்பவர் யார்?

கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் ஓரத்தில் நாசி கண்டாருக்கு நிற்கும் வரிசையைப் பார்த்திருப்பீர்கள். 'கண்டார்' என்பது தோளில் வைக்கும் காவடித் தண்டு. அந்தக் காலத்தில் தமிழ் முஸ்லிம் வியாபாரிகள் ஒரு பக்கம் சோறு, ஒரு பக்கம் குழம்பு என்று தோளில் தூக்கிக்கொண்டு தெருத் தெருவாக நடந்து விற்றார்கள். பெயர் அதிலிருந்துதான் வந்தது.

கைனசின் என்ற மோட்டார் புரதத்தைப் புரிந்துகொள்ள அந்த வியாபாரியே போதும். கீழே இரண்டு 'கால்'. மேலே நீண்ட உடம்பு. அதன் நுனியில் சுமை. சுமை என்பது புரதங்கள் அடைத்த சிறு பை, மைட்டோகாண்ட்ரியா, நரம்புச் செல்லில் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போகவேண்டிய பொருள்கள் என்று எதுவாகவும் இருக்கலாம்.

ஒரு கால் சாலையைப் பிடித்துக்கொண்டு நிற்க, இன்னொரு கால் முன்னால் போகும். ஒவ்வொரு அடியும் 8 நானோமீட்டர், அதாவது சரியாக ஒரு கல். ஒரு அடிக்கு ஏ.டி.பி என்ற ஆற்றல் மூலக்கூறு ஒன்று செலவாகும். நொடிக்குச் சுமார் 100 அடி நடக்கும்.

இதை நம் அளவுக்குப் பெரிதாக்கிப் பார்ப்போம். 8 நானோமீட்டர் அடியை மனிதனின் 80 சென்டிமீட்டர் அடியாக வைத்துக்கொண்டால், சாலையின் அகலம் இரண்டரை மீட்டர், கடைவீதி அஞ்சடியைவிடக் கொஞ்சம் பெரிது. சுமை ஒரு பேருந்து நீளம் இருக்கும். வேகம் மணிக்கு 288 கிலோமீட்டர்! பேருந்தைத் தூக்கிக்கொண்டு அஞ்சடியில் ரேஸ் கார் வேகத்தில் ஓடுகிற ஆள்தான் கைனசின்.

கைனசினை 1985-இல் ரொனால்ட் வேல், தாமஸ் ரீஸ், மைக்கேல் ஷீட்ஸ் ஆகியோர் கண்டுபிடித்தார்கள். கணவாயின் தடித்த நரம்பில் பொருள்கள் எப்படி நகர்கின்றன என்று தேடியபோது கிடைத்தது அது.

பெரும்பாலான கைனசின்கள் கூட்டல் முனைப் பக்கம், அதாவது செல்லின் ஓரத்தை நோக்கி நடக்கும். டைனீன் என்ற இன்னொரு மோட்டார் எதிர்ப்பக்கம், செல்லின் நடுவை நோக்கி நடக்கும். ஒரே சுமையில் இரண்டும் தொற்றிக்கொண்டால் கயிறு இழுக்கும் போட்டிதான். இந்தப் போட்டியில் டைனீன்கள் கூட்டுச் சேர்ந்து எப்படி இழுக்கின்றன என்பதை மும்பையில் ரூப் மல்லிக்கின் ஆய்வுக்குழு ஆராய்ந்தது. சுமை கூடும்போது டைனீன் தன் அடியைச் சுருக்கிக்கொள்ளும், மேட்டில் ஏறும் லோரி கியர் மாற்றுவது மாதிரி. இந்த ஆய்வுகளுக்காக அவருக்கு 2018-ஆம் ஆண்டின் இன்ஃபோசிஸ் பரிசு கிடைத்தது.

இடிப்பதே வேலை!

எல்லாக் கைனசின்களும் சுமை தூக்குவதில்லை. சில வகைகள் சாலையை இடிப்பதற்கென்றே இருக்கின்றன.

முதல் வகை, கைனசின்-13. இது நடக்கவே நடக்காது. குழாயின் மேல் வழுக்கிக்கொண்டு, அங்கும் இங்கும் அலைந்து ஏதாவது ஒரு முனைக்கு வந்து சேரும். அங்கே கடைசிக் கல்லைப் பிடித்து வெளிப்பக்கம் வளைக்கும். கல் ஏற்கெனவே வளையத் துடிப்பதுதான், இது அதற்கு ஒரு நெம்பு கொடுக்கிறது. சரம் பிரிந்து உரிய ஆரம்பிக்கும்.

இரண்டாவது வகை, கைனசின்-8. இது நன்றாக நடக்கும், கூட்டல் முனைவரை போகும். அங்கே போய் நின்றுகொள்ளும். பின்னால் இன்னொன்று வந்து இடித்துத் தள்ளும்போது, முன்னால் நின்றது ஒன்றோ இரண்டோ கல்லைப் பெயர்த்துக்கொண்டே கீழே விழும். அடுத்தது வரும், அதுவும் அப்படியே.

இதில் ஒரு கெட்டிக்காரத்தனம் ஒளிந்திருக்கிறது. சாலை நீளமாக இருந்தால் வழியில் ஏறிக்கொள்ளும் கைனசின்-8 அதிகம். முனையில் கூட்டம் அதிகம். ஆகவே நீளமான சாலை வேகமாகக் குறையும், குட்டையான சாலை மெதுவாகக் குறையும். ஈஸ்ட்டில் இருக்கும் கைனசின்-8-ஐ வைத்து 2006-இல் ஜெர்மனியின் டிரெஸ்டன் நகர விஞ்ஞானிகள் இதைக் காட்டினார்கள். அளவுகோல் எதுவும் கையில் இல்லாமலேயே சாலையின் நீளத்தை 'அளக்கும்' வழி இது.

இவை தவிர, சாலையை நடுவிலேயே வெட்டும் புரதங்களும் உண்டு. அவை மோட்டார் வகையைச் சேர்ந்தவை இல்லை, ஆனால் ஏ.டி.பி-யைச் செலவழித்துத்தான் வேலை செய்கின்றன. 1993-இல் கண்டுபிடித்த ஒன்றுக்கு, ஜப்பானிய வாளான கட்டானாவை வைத்துக் கட்டானின் என்று பெயர் வைத்தார்கள். இன்னொன்று ஸ்பாஸ்டின். ஸ்பாஸ்டினுக்கான மரபணுவில் கோளாறு வந்தால் கால்கள் கொஞ்சம் கொஞ்சமாக விறைத்து நடை பாதிக்கும் பரம்பரை நோய் வரலாம். இந்த வகை நோய்களில் அதிகம் காணப்படும் காரணம் ஸ்பாஸ்டின் கோளாறுதான். இடிப்பவர் வேலையைச் சரியாகச் செய்யாவிட்டாலும் மனிதருக்கு நடக்க முடியாமல் போகும்!

சும்மா நடந்தாலே தேயுமா?

இடிப்பதற்கென்று பிறந்தவை இடிக்கின்றன, சரி. சுமை தூக்கும் சாதாரணக் கைனசின் சாலைக்கு ஒன்றும் செய்யாது என்றுதான் நீண்ட காலம் நினைத்திருந்தார்கள். கடந்த சில ஆண்டுகளில் அந்த எண்ணம் மாறிவிட்டது.

2015-இல் அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழகக் குழு ஒன்று கண்ணாடித் தகட்டில் கைனசின்களை ஒட்டிவைத்து, அவற்றின் மேல் நுண்குழல்களை ஓடவிட்டது. ஓட ஓட நுண்குழல்கள் குட்டையாயின, உடைந்தன. டயர் தேய்வது மாதிரி மூலக்கூறு அளவிலும் தேய்மானம் உண்டு என்பது தெரிந்தது.

2021-இல் பிரான்ஸ் விஞ்ஞானிகள் அடுத்த கேள்வியைக் கேட்டார்கள். நடப்பதால் சாலை தேய்கிறது என்றால், நம் செல்களில் சாலைகள் ஏன் உடைந்து கிடக்கவில்லை? அவர்கள் பார்த்தது இதுதான்: மோட்டார்கள் நடக்கும்போது குழாயின் நடுவிலிருந்தும் கற்கள் பெயர்கின்றன. சுற்றி உதிரிக் கற்கள் இல்லாவிட்டால் குழாய் உடைந்துபோகிறது. உதிரிக் கற்கள் மிதந்துகொண்டிருந்தால் அவை குழிகளில் வந்து பொருந்திக்கொள்கின்றன. சாலை பிழைத்துக்கொள்கிறது. செல்லுக்குள் உதிரி டியூபுலினுக்குப் பஞ்சமே இல்லை.

மறு ஆண்டு இன்னும் சுவாரசியமான செய்தி வந்தது. ஒட்டுப்போட்ட இடத்தில் இருப்பது புதுக் கல், ஆற்றல் செலவாகாத கல். முன்பு சொன்ன 'மூடி' ஞாபகம் இருக்கிறதா? சாலை முனையிலிருந்து சரிந்துகொண்டே வரும்போது, ஒட்டுப்போட்ட இடத்துக்கு வந்ததும் சரிவு அங்கேயே நிற்கலாம். அங்கிருந்து மறுபடி வளர ஆரம்பிக்கலாம். ஆக, கைனசின்கள் நடந்த சாலையில் புதுக் கற்கள் சேர்கின்றன, அந்தச் சாலை அதிக நாள் வாழ்கிறது. இதைக் காட்டியது சுவிட்சர்லாந்தின் ஜெனீவா பல்கலைக்கழகக் குழு.

யோசித்துப் பாருங்கள். எந்தச் சாலையில் நடமாட்டம் அதிகமோ அது தேயும், தேய்ந்ததாலேயே பழுது பார்க்கப்படும், பழுது பார்த்ததாலேயே நிலைக்கும். ஆள் நடக்காத சாலை சரிந்துபோகும். எந்த வழி தேவை, எது தேவையில்லை என்பதை மேலே இருந்து யாரும் உத்தரவு போட வேண்டியதில்லை.

ஆனா எதுக்கு இடிக்கணும்?

நிரந்தரமாக ஒரு சாலையைப் போட்டுவிட்டால் இந்தத் தொல்லையே இல்லையே என்று தோன்றும். படிவம் 4 உயிரியலில் படித்த செல் பிரிதலை நினைத்துப் பாருங்கள். குரோமோசோம்களை இரண்டு பக்கமும் இழுக்கும் நார்களை மலாயில் 'கெந்தியான் கெலெண்டோங்' என்று படித்திருப்பீர்கள். அந்த நார்கள் எல்லாம் நுண்குழல்கள்தான்.

செல் பிரியப் போகும்போது பழைய சாலைகளைக் கலைத்து, அதே கற்களை வைத்துப் புது அமைப்பைக் கட்டுகிறது. நார்கள் வளர்ந்து குரோமோசோம்களைத் தேடிப் பிடிக்கின்றன. தவறாகப் பிடித்தால் விட்டுவிட்டு மறுபடி பிடிக்கவேண்டும், அந்தத் திருத்தத்தில் கைனசின்-13 உதவுகிறது. கடைசியில் குரோமோசோம்கள் பிரிந்து போவதே நார்கள் குறைந்துகொண்டு வருவதால்தான். கட்டுவது நின்றாலும் செல் பிரியாது, இடிப்பது நின்றாலும் பிரியாது.

செங்காந்தளும் நித்தியகல்யாணியும்

கண்வலிக் கிழங்கு, கலப்பைக் கிழங்கு என்றெல்லாம் சொல்லப்படும் செங்காந்தளைத் தமிழ்நாட்டில் திண்டுக்கல், திருப்பூர், கரூர் மாவட்டங்களில் பயிர் செய்கிறார்கள். அழகுக்காகப் பயிர் செய்வதில்லை. விதையில் இருக்கும் கோல்சிசின் என்ற பொருளுக்கு மருந்து நிறுவனங்கள் விலை கொடுக்கின்றன.

கோல்சிசின் டியூபுலினோடு ஒட்டிக்கொண்டு, கல்லைச் சாலையில் பொருந்தவிடாமல் செய்யும். கவுட் என்ற மூட்டு வீக்கத்துக்கு இன்றும் மருத்துவர்கள் இதைத் தருகிறார்கள். வீக்கத்தைக் கிளப்பும் வெள்ளை அணுக்கள் நகர்வதற்கு நுண்குழல்கள் வேண்டும், அதை இது தடுக்கிறது. இன்னொரு சேதி: டியூபுலின் என்ற புரதமே கோல்சிசினால்தான் அகப்பட்டது. 1967-இல் கேரி போரிசி, எட்வின் டெய்லர் இருவரும் 'கோல்சிசின் செல்லுக்குள் எதைப் போய்ப் பிடிக்கிறது?' என்று தேடிப் போனபோது கிடைத்தது அது. விதையில்லாத் தர்பூசணியை உருவாக்கவும் கோல்சிசின் உதவியது. செல் பிரியும் நேரத்தில் நார்களைத் தடுத்தால் குரோமோசோம்கள் பிரியாமல் இரட்டிப்பாகின்றன. அப்படி இரட்டிப்பான செடியைச் சாதாரணச் செடியோடு கலந்தால் விதையில்லாப் பழம்.

நித்தியகல்யாணியின் கதை வேறு. அதன் இலைச் சாறு சர்க்கரை நோய்க்கு நல்லது என்று பல நாடுகளில் நம்பிக்கை இருந்தது. 1950-களில் கனடாவில் ராபர்ட் நோபிள், சார்ல்ஸ் பீர் ஆகியோர் ஜமைக்காவிலிருந்து வந்த இலையைச் சோதித்தார்கள். எதிர்பார்த்தபடி சர்க்கரை குறையவில்லை, எலிகளின் வெள்ளை அணுக்கள் குறைந்தன. அதிலிருந்து வின்பிளாஸ்டின் வந்தது. அதே செடியிலிருந்து பிறகு கிடைத்த வின்கிரிஸ்டின் இன்று குழந்தைகளுக்கு வரும் இரத்தப் புற்றுநோய்க்கு முக்கிய மருந்து. இரண்டுமே நுண்குழல்களைக் கட்டவிடாமல் தடுப்பவை.

இதற்கு நேர் எதிர் டாக்சால். அமெரிக்காவின் யூ மரப் பட்டையில் கிடைத்த இந்த மருந்து நுண்குழலை இடியவே விடாது. 1979-இல் சூசன் ஹோர்விட்ஸ் இதைக் கண்டறிந்தார். மார்பகப் புற்றுநோய் உட்படப் பலவற்றுக்கும் இது தரப்படுகிறது. கட்டுவதைத் தடுத்தாலும் புற்றுநோய்ச் செல் சாகிறது, இடிப்பதைத் தடுத்தாலும் சாகிறது.

விரல் ஏன் மரத்துப்போகிறது?

இந்த மருந்துகளுக்குப் புற்றுநோய்ச் செல்லின் சாலை எது, நல்ல செல்லின் சாலை எது என்று தெரியாது. அடி வாங்குவது நரம்புச் செல்கள். முதுகுத்தண்டிலிருந்து கால் விரல்வரை போகும் நரம்பிழை ஒரு மீட்டர்வரை நீளம். நொடிக்கு ஒரு மைக்ரோமீட்டர் வேகத்தில் ஒரு கைனசின் நிற்காமல் நடந்தால்கூட அந்தத் தூரத்தைக் கடக்க 11 நாளுக்கு மேல் ஆகும். அவ்வளவு நீளமான வழியில் சாலை கெட்டால் முதலில் பாதிக்கப்படுவது கடைசி முனைதான். கீமோ எடுப்பவர்களுக்குக் கால் விரலிலும் கை விரலிலும் எறும்பு ஊர்வது போலவும் மரத்துப்போவது போலவும் இருப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

ஆகவே வீட்டில் யாராவது வின்கிரிஸ்டின் அல்லது டாக்சால் எடுத்துக்கொண்டிருந்து, 'சட்டைப் பட்டன் போட முடியல', 'செருப்பு கழன்றது தெரியல' என்று சொன்னால், களைப்பு என்று விட்டுவிடாதீர்கள். மருத்துவரிடம் உடனே சொல்லுங்கள். மருந்தின் அளவையோ இடைவெளியையோ மாற்ற முடியும். மருந்தை நீங்களாக நிறுத்தவும் வேண்டாம்.

இன்னொன்று. 'இயற்கைதானே' என்று செங்காந்தள் கிழங்கையோ விதையையோ வாயில் வைக்காதீர்கள். அது உயிரைப் பறிக்கும் விஷம். நித்தியகல்யாணி இலைச் சாற்றையும் சர்க்கரைக்கு என்று குடிக்கவேண்டாம். மருந்தாகும் அளவுக்கும் விஷமாகும் அளவுக்கும் இடைவெளி மிகக் குறைவு.

இப்போது விஞ்ஞானிகள் வேறொரு வழியைப் பார்க்கிறார்கள். சாலையையே கெடுப்பதற்குப் பதிலாக, இடிக்கும் ஆளை மட்டும் நிறுத்தினால் என்ன? மனிதரிடம் இருக்கும் கைனசின்-8 வகைகளில் ஒன்று கே.ஐ.எஃப்-18ஏ. குரோமோசோம் எண்ணிக்கை தாறுமாறான சில புற்றுநோய்ச் செல்களுக்கு அது இல்லாமல் பிரிய முடியாது, சாதாரணச் செல்கள் சமாளித்துக்கொள்கின்றன என்று 2021-இல் ஆய்வுகள் வெளிவந்தன. அதைத் தடுக்கும் மருந்துகளை மனிதர்களிடம் சோதிக்கும் வேலையும் தொடங்கியிருக்கிறது. பலன் கிடைத்தால், புற்றுநோயை எதிர்க்கும்போது நரம்பின் நீண்ட சாலையைத் தொடாமல் விட்டுவிட முடியும்.